வெள்ளத்திலும் வறட்சியிலும் எந்தச் சுழற்சி தாங்கும்? படுவான்கரை வயலுக்கும் எழுவான்கரை மணலுக்கும் ஒரே பதில் இல்லை

மட்டக்களப்பு மாவட்டம் களுவாஞ்சிகுடியைச் சேர்ந்த இளம் விவசாயி ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவருக்கு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம் தந்தை வழி வந்த மூன்று ஏக்கர் வயலும், கிழக்கே எழுவான்கரையில் உள்ள ஊரில் அரை ஏக்கர் மணற்காணியும் இருக்கின்றன. மாரிப் பெரும்போகத்தில் வெள்ளம், கோடைச் சிறுபோகத்தில் வறட்சி என்று மாறிமாறி அடிபட்டவர். அமெரிக்காவில் நடந்த நீண்டகாலப் பரிசோதனை ஒன்றில், மழை பொய்த்த ஆண்டுகளில் இரசாயனம் இட்ட காணியைவிடச் சேதன முறைக் காணியே கூடுதலாக விளைந்தது என்று வாசித்திருக்கிறார். "அப்படியானால் நானும் முழுமையாகச் சேதனப் பயிர்ச் சுழற்சிக்கு மாறினால் எங்கள் காலநிலையைத் தாங்கலாமா?" என்பது அவருடைய கேள்வி.

தம்பி, நேரடியாகப் பதில் சொல்கிறேன். உங்கள் மணற்காணியில் சேதனப் பசளையும் பயிர்ச் சுழற்சியும் இல்லாமல் எதுவுமே நிற்காது. அங்கே தயங்க வேண்டாம். வயலில் சிறுபோகத்திலும், இரண்டு போகங்களுக்கும் நடுவே வரும் இடைப்போகத்திலும் பயிரை மாற்றுவது வறட்சியைத் தாங்குவதற்கான மிகச் சிறந்த வழி. ஆனால் மழையை நம்பிய பெரும்போக வேளாண்மையில் யூரியாவையும் களைநாசினியையும் ஒரே போகத்தில் கைவிடுவது உங்களை வானத்துக்கு முன்னிலும் பெரிய கடனாளியாக்கும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் "சேதனமா, இரசாயனமா" என்று ஒரே கேள்வியாகக் கேட்பதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது.

நீங்கள் வாசித்தது பென்சில்வேனியா மாநிலத்தில் றொடேல் நிறுவனம் 1981இல் தொடங்கி இன்றுவரை நடத்திவரும் பரிசோதனையாக இருக்க வேண்டும். அதில் மூன்று முறைகள் அருகருகே வைத்து ஒப்பிடப்பட்டன: மாட்டெரு இட்ட சேதனச் சுழற்சி, அவரையினப் பயிரை மட்டும் நம்பிய சேதனச் சுழற்சி, சோளமும் சோயாவும் மாறிமாறி வரும் வழமையான இரசாயனச் சுழற்சி. மிதமான வறட்சி கண்ட ஐந்து ஆண்டுகளில் நான்கில் சேதனக் காணிகளின் சோளம் 28 முதல் 34 வீதம் வரை கூடுதலாக விளைந்தது. மண்ணுக்குள் கசிந்து இறங்கிய நீரின் அளவும் அங்கே 15 முதல் 20 வீதம் கூடுதலாக இருந்தது. இவை உண்மை. ஆனால் 1999இல் கடும் வறட்சி வந்தபோது நடந்ததையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அந்த ஆண்டு மாட்டெரு இட்ட காணியில் ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 1,500 கிலோ சோளமும், இரசாயனக் காணியில் 1,100 கிலோவும் கிடைத்தன. அவரையினத்தை மட்டும் நம்பிய சேதனக் காணியில் கிடைத்தது ஏறத்தாழ 400 கிலோதான். அதே ஆண்டு சோயாவில் இரண்டு சேதனக் காணிகளும் இரசாயனக் காணியை முந்தின. ஒரே மண்ணில், ஒரே வானத்தின் கீழ், ஒரே ஆண்டில், சேதனம் என்ற ஒரே பெயர் கொண்ட இரண்டு முறைகள் சோளத்தில் இவ்வளவு விலகி நின்றிருக்கின்றன. எந்த எரு, எந்தப் பயிர், எந்தக் காலத்தில் என்பதுதான் விளைச்சலைத் தீர்மானித்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே சேதனக் காணிகளின் சுழற்சியில் பயிர் வகைகள் கூடுதல்; அதில் கோதுமையும் மண்ணை மூடி வளரும் மூடுபயிரும் உண்டு. இரசாயனக் காணியின் சுழற்சியிலோ இரண்டே பயிர்கள். அப்படியிருக்க, வெற்றி சேதனத்துக்கு உரியதா, பல பயிர்ச் சுழற்சிக்கு உரியதா என்று அந்தப் பரிசோதனையைக் கொண்டு மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. சுவிட்சர்லாந்தில் 1978 முதல் நடந்துவரும் பரிசோதனை இந்த இடத்தில் உதவுகிறது. அங்கே எல்லா முறைகளுக்கும் ஒரே பயிர்ச் சுழற்சிதான். முதல் 21 ஆண்டுக் கணக்கில் சேதனக் காணிகளின் விளைச்சல் சராசரியாக 20 வீதம் குறைவாக இருந்தது. ஆனால் இட்ட பசளைச் சத்து 34 முதல் 53 வீதம் வரை குறைவாக இருந்தும் அந்த விளைச்சல் கிடைத்தது. மண் கட்டிகள் நீரில் கரையாமல் நிற்கும் தன்மை 10 முதல் 60 வீதம் வரை கூடியிருந்தது. 2018இல் வெளியான, பல நாடுகளின் ஒப்பீட்டுத் தரவுகளைத் திரட்டிய ஆய்வொன்று, ஆண்டுக்கு ஆண்டு விளைச்சல் ஏறி இறங்குவதை விளைச்சலின் அளவோடு ஒப்பிட்டுக் கணித்தால், சேதன முறையின் நிலைப்பு 15 வீதம் குறைவு என்று கண்டது. பசுந்தாட் பசளையும் (பச்சையாகவே மடித்து உழும் பயிர்) போதிய சத்தும் கொடுத்த இடங்களில் அந்த இடைவெளி சுருங்குகிறது என்றும் அதுவே சொல்கிறது.

எங்களுக்கு மிகவும் பொருத்தமானது என்று நான் கருதுவது அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் 1990 வாக்கில் தொடங்கிய பரிசோதனை. அங்கே சேதனக் காணிகள் பெரும்பாலான ஆண்டுகளில் வழமையான காணிகளுக்கு ஏறத்தாழச் சமமாக, 99 வீதம் விளைந்தன. ஆனால் மூன்றில் ஒரு பங்கு தடவைகளில், விதைப்புக்குப் பிந்திய மழையால் காணிக்குள் இறங்கிக் களை எடுக்க முடியாமற் போனபோது, விளைச்சல் 74 வீதத்துக்கு வீழ்ந்தது. அந்த ஆண்டுகளில் சேதனக் காணியைச் சாய்த்தது களை. நோய்க்கும் சத்துக் குறைவுக்கும் அதில் பெரிய பங்கு இல்லை. எங்கள் பெரும்போகத்தை அறிந்த எவருக்கும் இந்த ஒரு செய்தி போதும்.

எங்கள் நிலைமை என்ன? மட்டக்களப்பின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,700 மில்லிமீற்றர். அதில் பெரும் பகுதி நொவெம்பர் முதல் ஜனவரி வரையான மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. படுவான்கரையில் உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் போன்ற குளங்களின் வாய்க்கால் எட்டாத வட்டைகளில் (வயல்வெளிகளில்) மழையை நம்பி வீச்சு விதைப்புச் செய்கிறோம். விதைத்து மூன்றாம், நான்காம் கிழமையில், களை எடுக்க வேண்டிய சரியான தருணத்தில், வானம் திறந்துவிடும். வீசி விதைத்த வயலில் வரிசை இல்லை; வரிசை இல்லாத வயலில் களையெடுக்கும் கருவியை உருட்ட முடியாது. கையால் பிடுங்க முன்பு பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். இன்று அந்த ஆட்பலம் இல்லை, இருந்தாலும் அந்தக் கூலியைக் கொடுத்துக் கட்டாது. ஆழம் பிடித்துத் தண்ணீர் கட்டினால் நெற்சப்பிக் களையை அடக்கலாம். ஆனால் அது வாய்க்கால் உள்ளவருக்குத்தான் இயலும். மானாவாரி வட்டையில் தண்ணீர் வேண்டும்போது வராது, வந்தால் வரம்பு மிதக்கும். ஆகவே களைநாசினி இல்லாத பெரும்போகம் என்றால், முதலில் விதைக்கும் முறையை மாற்ற வேண்டும்: நாற்று நடவேண்டும், அல்லது உருளை விதைகருவியால் வரிசையாக விதைக்க வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்யாமல் பசளையை மட்டும் மாற்றியவர்கள் பலரை நான் கண்டிருக்கிறேன். அவர்களுடைய வயலில் எருவைத் தின்று கொழுத்தது கோரைதான்.

அடுத்தது நைதரசன் கணக்கு. விவசாயத் திணைக்களம் உலர் வலயத்தின் நீர்ப்பாசன நெல்லுக்குச் சிபாரிசு செய்து வந்த யூரியா ஏக்கருக்கு ஏறத்தாழ 90 கிலோ. யூரியாவில் நைதரசன் 46 வீதம். அதாவது ஏறத்தாழ 40 கிலோ நைதரசன். நல்ல கூட்டெருவில், ஈரம் போக, 1 முதல் 1.5 வீதம் நைதரசன் இருக்கும். அதே 40 கிலோவைக் கூட்டெருவில் கொடுக்க வேண்டுமானால் ஏக்கருக்கு மூன்று, நான்கு தொன் காய்ந்த எரு வேண்டும். அதிலும் முதற் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பங்குதான், மிகுதி மெதுமெதுவாக அடுத்த போகங்களில் வரும். 2021 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு, மே மாதத்தில் வர்த்தமானி மூலம் நடைமுறைக்கு வந்து, நவம்பரில் கைவிடப்பட்ட இலங்கை அரசின் இரசாயனப் பசளை இறக்குமதித் தடை உடைந்தது இந்தக் கணக்கில்தான். அந்தப் பெரும்போகத்தில் எங்கள் வட்டைகள் மஞ்சள் பூத்து நின்றதைக் கண்டவர்கள், சேதன முறையே பொய் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அது நியாயமான முடிவு அல்ல. அன்று எரு இருக்கவில்லை, சுழற்சி இருக்கவில்லை, மண்ணைப் பக்குவப்படுத்த ஒரு போகம்கூட அவகாசம் இருக்கவில்லை. ஒரு முறையைச் சோதிப்பதற்குரிய எந்த ஏற்பாடும் இல்லாமல் பசளை மட்டும் பறிக்கப்பட்டது. அதன் சுமையைச் சுமந்தவர்கள் விவசாயிகள்.

வெள்ளத்தைப் பற்றிச் சொல்கிறேன். வெள்ளம் எந்த வயதில் வருகிறது என்பதே முதற் கேள்வி. 2011 ஜனவரியிலும் பெப்ரவரித் தொடக்கத்திலும் வந்த வெள்ளம் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அறுவடையை நெருங்கிய கதிரை மூழ்கடித்தது. அப்படி வரும்போது எந்தப் பசளை இட்டிருந்தாலும் ஒன்றுதான். 2024 நவம்பர் இறுதியில் வந்தது இளம்பயிரில். இளம்பயிர் ஒரு கிழமைக்கு மேல் முழுமையாக மூழ்கினால் பெரும்பாலான இனங்கள் அழுகும். அதற்குள் நீர் வடிந்தால் மீளும். மீள்வதில்தான் இரண்டு முறைகளும் பிரிகின்றன. வெள்ளத்துக்கு இரண்டு நாள் முன்பு எறிந்த யூரியா கடலுக்குப் போய்விடும், அந்தக் காசும் போய்விடும். உழுது புதைத்த எருவும் வைக்கோலும் பெருமளவு மண்ணோடு நிற்கும். அதே வேளை, நீர் வடிந்து வெளிறி நிற்கும் பயிருக்குச் சிறிதளவு யூரியாவும் பொற்றாசியமும் கொடுத்து ஒரு கிழமையில் நிமிர்த்த முடியும். சேதன முறையில் அப்படி உடனடியாகக் கை கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. குளிர்ந்து நீர் ஊறிய மண்ணில் எரு சத்தை விடும் வேகமும் குறைவு. ஆகவே சேதன வயல் இழப்பது குறைவு, எழுவதோ மெதுவாக. நான்கு மாத நெல்லானால் எழுவதற்கு அவகாசம் உண்டு, பீ.ஜீ. 300 போன்ற மூன்று மாத இனமானால் அந்த அவகாசம் இல்லை. வெள்ளம் வடிந்த ஆத்திரத்தில் யூரியாவை அள்ளி எறிபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: எரிபந்த நோயும் கபில நிறத் தத்திப் பூச்சியும் அந்தப் பச்சைக்குத்தான் காத்திருக்கின்றன.

மண் கட்டிகள் உறுதிப்படுகின்றன, நீர் கசிகிறது என்று வெளிநாட்டுப் பரிசோதனைகள் சொல்லும் நன்மை எங்கள் பெரும்போக வயலுக்கு அப்படியே வராது என்பதையும் சொல்ல வேண்டும். சேற்றுழவில் அந்தக் கட்டிகளை நாங்களே உடைத்துவிடுகிறோம். நீர் கசிவதை அங்கே நாங்கள் விரும்புவதும் இல்லை. அத்துடன், நீர் நிற்கும் நெல்வயலில் சேதனப் பொருள் மெதுவாகவே உக்கும். பிலிப்பைன்ஸின் லொஸ் பாஞோஸில் 1960களிலிருந்து ஆண்டுக்கு இரண்டு, மூன்று போகம் நெல்லே விளைவிக்கும் காணியில்கூட மண்ணின் சேதனப் பொருள் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அதே வயல் சிறுபோகத்தில் காய்ந்து கிடக்கும்போதும், எங்கள் மேட்டுநிலங்களிலும், கதை தலைகீழ். ஐரோப்பாவில் பனிக்காலம் மண்ணின் உக்கலை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும். எங்கள் வெப்பத்துக்கு ஓய்வே இல்லை. இட்ட எரு ஓரிரண்டு ஆண்டுகளில் கரைந்துவிடும். அங்கே ஒரு தடவை சேர்த்ததை இங்கே ஒவ்வொரு ஆண்டும் சேர்க்க வேண்டும்.

இப்போது வறட்சி. பயிர்ச் சுழற்சி தன் முழுப் பயனையும் காட்டுவது இங்கேதான். குளத்தில் நீர் குறைந்த ஆண்டில், குறைந்த ஏக்கருக்குத்தான் தண்ணீர் என்று போகத்துக்கு முந்திய ஆரம்பக் கூட்டத்தில் முடிவானாலும், மனம் கேட்காமல் எல்லாரும் நெல்லையே விதைத்துக் கடைசித் தண்ணீருக்கு, நீரைப் பங்கிடும் வட்டவிதானையோடு மல்லுக்கட்டுவதை எத்தனையோ சிறுபோகங்களில் கண்டோம். மார்ச் மாதத்தில் வேளாண்மை வெட்டு முடிந்ததும் வயலில் மிஞ்சியிருக்கும் ஈரத்தில் பயறு விதைத்தால் 60, 65 நாட்களில் பறித்துவிடலாம். அதற்கு வேண்டிய நீர் நெல்லுக்கு வேண்டியதில் ஒரு சிறு பங்கு. வைகாசியில் கச்சான் காற்று (தென்மேற்கிலிருந்து வரும் வறள்காற்று) கடுமையாவதற்கு முன் காய் முற்றிவிடும். ஒரு கிழமை பிந்தி விதைத்தால் பூ அந்தக் காற்றில் உதிரும். ஆகவே அறுவடை இயந்திரம் வயலை விட்டு ஏறிய அன்றே உழவு இயந்திரம் இறங்க வேண்டும். பயறுக்கு யூரியா ஏறத்தாழ வேண்டியதே இல்லை. வேர் முடிச்சுகளே தேடிக்கொள்ளும். இந்தப் போகத்தைச் சேதன முறை என்று சொன்னாலும் சரி, வழமை என்று சொன்னாலும் சரி, செலவு ஒன்றுதான், தாங்கும் வலுவும் ஒன்றுதான். பயறுக்கு எதிரி தண்ணீர் தேங்குவது. சித்திரையில் ஒரு கனமழை பெய்து இரண்டு மூன்று நாள் வடியாமல் நின்றால் முழுக் காணியும் மஞ்சளாகிப் போகும். மடுவுக்குக் கிட்டிய பள்ளக் காணியில் விதைக்க வேண்டாம். மேட்டுப் பக்கக் காணியில், வடிகான் வெட்டி, விதையுங்கள்.

பசுந்தாட் பசளையாக உழும் சணலைப் பற்றிக் கேட்பீர்கள். ஐம்பது நாள் வளர்ந்த சணலைப் பூக்கும் தறுவாயில் மடித்து உழுதால் ஏக்கருக்கு 25 கிலோ அளவுக்கு நைதரசன் மண்ணுக்கு வரும். இலவசமாகக் கிடைக்கும் சத்து என்று தோன்றும். ஆனால் அதை வளர்க்கும் காலம் எங்களுக்கு இடைஞ்சலானது. பெரும்போகத்துக்கு முந்திய ஆவணியும் புரட்டாதியும் நெருப்பாய்க் காயும் மாதங்கள். அப்போது விதை முளைக்காது. சிறுபோகத்தில் விதைத்தால் திறந்துவிட்ட மாடுகள் தின்றுவிடும். அத்துடன் மூடுபயிரும் நீர் குடிக்கும் பயிர்தான். ஈரம் குறைந்த ஆண்டில் அடுத்த பயிருக்கு உரிய நீரை அது முந்திக் குடித்துவிடும். குளத்து நீர் கிடைக்கும் வயலில், வேலி அடைத்துக்கொண்டு, நீர் உள்ள ஆண்டில் மட்டும் செய்யுங்கள். மற்றபடி வரம்பிலும் வேலியிலும் கிளிசிரிடியா மரம் நட்டு, கொப்பு வெட்டி வயலில் போடுவது எங்கள் காலநிலைக்குக் கூடுதலாகப் பொருந்தும்; அதன் வேர் ஆழமானது, வறட்சியிலும் துளிர்க்கும்.

வைக்கோலைக் கொளுத்தாதீர்கள். ஏக்கருக்கு இரண்டு தொன் வைக்கோலில் ஏறத்தாழ 30 கிலோ பொற்றாசியமும் 12 கிலோ நைதரசனும் இருக்கின்றன. கொளுத்தினால் நைதரசன் புகையோடு போகிறது, சாம்பலில் மிஞ்சும் பொற்றாசியத்தை முதல் மழை அள்ளிச் செல்கிறது. இயந்திரம் வரிசையாக விட்டுச்செல்லும் வைக்கோலை வெட்டு நடந்த அன்றே பரப்பிவிட்டு, அதன் நடுவே பயறு விதைத்தால் ஈரமும் காக்கப்படும். விதைப்புக்குச் சற்று முன்பு பச்சை வைக்கோலைப் புதைப்பதுதான் தவறு. அது உக்கும்போது மண்ணின் நைதரசனைத் தான் பிடித்துக்கொள்ளும், நாற்று மஞ்சளாகும். முன்பெல்லாம் அறுவடைக்குப் பின் மாட்டுப் பட்டிகளை வயலில் கிடைவைத்து எரு பெற்றோம். இன்று பட்டிகள் பெரும்போகத்தில் மாதவணை, மயிலத்தமடு போன்ற தூர மேய்ச்சல்தரைகளில் நிற்கின்றன. எரு அங்கே, வயல் இங்கே. பட்டிக்காரரோடு பேசி வெட்டு முடிந்த பின் இரண்டு மாதமாவது உங்கள் வயலில் மாடு அடைக்க ஏற்பாடு செய்ய முடிந்தால், பயறு விதைக்காத ஏக்கருக்கு அதைவிட மலிவான எரு கிடைக்காது.

உங்கள் மணற்காணிக்கு வருகிறேன். களுதாவளை, தேற்றாத்தீவு, களுவாஞ்சிகுடி என்று நீளும் எழுவான்கரை மணலில் வெற்றிலையும் கொச்சிக்காயும் (மிளகாய்) கத்தரியும் விளைவது எருவாலும் கைநீராலும்தான். அந்த மணல் நீரையும் பிடிக்காது, சத்தையும் பிடிக்காது. ஒரு பெருமழைக்குப் பின் முதல் நாள் இட்ட யூரியா கிணற்று நீருக்குள் போய்ச் சேர்ந்துவிடும், அதையே குடிக்கிறோம். இங்கே மாட்டெருவும் கூட்டெருவும் பசளை மட்டுமல்ல, மண்ணுக்கே உடம்பு கொடுப்பவை. கொச்சிக்காய்க்குப் பின் கச்சான் (நிலக்கடலை), கச்சானுக்குப் பின் வெங்காயமோ கீரையோ, அதன் பின் சோளம் என்று மாற்றினால் வேரைத் தாக்கும் பூச்சியும் வாடல் நோயும் தொடர்வது குறையும். கத்தரியையும் கொச்சிக்காயையும் தக்காளியையும் ஒன்றன்பின் ஒன்றாக வைப்பது சுழற்சி ஆகாது. மூன்றும் ஒரே குடும்பம், ஒரே வாடல் நோயைப் பகிர்பவை. இந்த அரை ஏக்கரை நீங்கள் இந்த ஆண்டே முழுமையாகச் சேதனத்துக்கு மாற்றலாம். களை எடுக்கும் அளவு சிறியது, மணலில் மழை நின்ற அடுத்த நாளே இறங்கலாம், எருவை வீட்டு மாட்டிலிருந்தே சேர்க்கலாம்.

மூன்று ஏக்கர் வயலில் இப்படிச் செய்யுங்கள் என்பேன். இரண்டு ஏக்கரில் வழமைபோல் பெரும்போக நெல் செய்து, வைக்கோலைத் திருப்பிப் போட்டு, யூரியாவை மூன்று நான்கு தடவையாகப் பிரித்து, வானிலை அறிவிப்பைப் பார்த்து, கனமழைக்கு முன் எறியாமல் விடுங்கள். வைக்கோலும் பயறும் மண்ணில் சேரச் சேர யூரியாவைப் போகத்துக்குப் போகம் சிறிது குறைத்துப் பாருங்கள். வாய்க்காலுக்குக் கிட்டிய ஏக்கரில் அரை ஏக்கரை மட்டும் வரிசை விதைப்போடு சேதன முறைக்கு விடுங்கள், மிகுதி அரை ஏக்கரை அதே இனம், அதே விதைப்பு நாளோடு வழமை முறையில் வையுங்கள். இரண்டையும் நான்கு பெரும்போகமாவது தொடர்ந்து, எத்தனை மூடை நெல், எத்தனை நாள் கூலி, எந்தக் கிழமையில் எவ்வளவு மழை என்று ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். மழையை அளக்க, வெட்ட வெளியில் வைத்த நேர்ச்சுவர்ப் போத்தலும் ஓர் அடிமட்டமும் போதும். இரண்டாம் போகத்தில் சேதனப் பாதி பின்தங்கினால் கைவிட்டுவிடாதீர்கள். மண் மாறத் தொடங்குவது பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில்தான், அதற்குள் ஒரு வெள்ளமும் ஒரு வறட்சியும் அந்தக் கொப்பியில் பதிவாகியிருக்கும்.